வேற கணக்கு

முதல் முறை அடித்தபோது அது என் கார் என்றே எனக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கோ முடியவில்லை, ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் எழுந்தேன். ஜன்னலைத் திறந்தால், வாசலில் நின்ற என் காரின் நான்கு மூலை விளக்குகளும் மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தன. இருட்டில் சாவியைத் தேடி எடுத்து ரிமோட்டை அழுத்துவதற்குள் தெருவே விழித்துவிட்டது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் உருட்டுக்கட்டை. “திருடனா டீச்சர்? எந்தப் பக்கம் ஓடுனான்?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு பையன்கள் முக்குவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாரும் இல்லை.

அப்போது சும்மா எண்ணிப் பார்த்தேன். பதினோரு வீடுகளில் விளக்கு எரிந்தது. மணி இரண்டு பத்து.

கார்த்திகை மாதம் அது. ஐப்பசி மழை ஓய்ந்து, அரியலூரில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வாடகை வீடு. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இரண்டு ஊருக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் கரிசல் காடு, மக்காச்சோளம், பருத்தி. பல வருஷம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். அம்மாவுக்கு முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து மாதாமாதம் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தபோதுதான் கடன் போட்டு, பெரம்பலூரில் பழைய கார் ஒன்று வாங்கினேன். அதில் அலாரம் இருப்பது கூடுதல் வசதி என்று விற்றவர் சொன்னார். முன்பு வைத்திருந்தவர் வெளிக்கடையில் மாட்டிய அலாரம். இரண்டு ரிமோட் கொடுத்தார்கள். விளக்கப் புத்தகம் கொடுக்கவில்லை.

ஒரு நாள் விட்டு மறுநாள் திரும்ப அடித்தது. அதற்கடுத்த நாளும். உருட்டுக்கட்டையோடு வந்தவர் மூன்றாம் முறை ஜன்னலை மட்டும் திறந்தார். ஐந்தாம் முறை, விளக்கைப் போட்டு, நான் வெளியே வந்து அணைப்பதைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஜன்னலைச் சாத்தினார்.

ஒரு வாரத்தில் தெரு எனக்கு மூன்று வழி சொல்லிவிட்டது. காரை வித்துடு. ஒயரை அறுத்துடு. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டு. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் தன்மையாகத்தான் கேட்டார்: “ஏம்மா டீச்சரம்மா, ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா காரு? கூப்பிட்டா ஆட்டோ வருதுல்ல?” அம்மா தன் பங்குக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும். வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, எலுமிச்சம்பழம் வாங்கிவந்து முன்பக்கம் கட்டினாள். எலுமிச்சம்பழம் தொங்கியது. அலாரமும் அடித்தது.

யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று எனக்கு இருந்தது. அடிப்பது பழுதா, ஆளா? தனியாக இரண்டு பெண்கள் இருக்கும் வீடு என்று தெரிந்து யாராவது கதவைத் தொட்டுப் பார்க்கிறார்களா? பழுது என்று நம்பி ஒயரை அறுத்துவிட்டால், உண்மையிலேயே ஆள் வரும் அன்றைக்கு அது கத்தாது. அதனால் ஒவ்வொரு முறையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே வெளியே போய்க் காரைச் சுற்றி வந்தேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு என் வீட்டு வாசலில் நான் நின்றதே அதுதான் முதல் தடவை. அந்த நேரத்துக்குத் தெரு எப்படி இருக்கும் என்று நாற்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எதிர்வீட்டில் மட்டும், அலாரம் அணைந்த பிறகும், சமையலறை விளக்கு எரிந்தது.

சனிக்கிழமை பள்ளி வேலை முடிந்ததும் பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டேன். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அன்று துணைக்கு வந்திருந்தார். அவர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மெக்கானிக் முழுக்க அவரைப் பார்த்தே பேசினார். “சார், சைரனுக்குப் போற ஒயரைக் கட் பண்ணிவிட்டா சத்தமே வராது. பத்து நிமிஷ வேலை.” தம்பி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

“ஏன் அடிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“அது சும்மா அடிக்குது மேடம். பழைய அலாரம்னா அப்படித்தான்.” இதையும் தம்பியிடம்தான் சொன்னார்.

பதினேழு வருஷமாக மின்சுற்று நடத்துகிறேன். சும்மா மூடும் சுற்று ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. காரை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கார் அலாரம் பெரிய மர்மம் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ரிமோட்டில் பூட்டியதும் அது காவலுக்கு உட்காரும். அதற்குக் கண் கிடையாது. சில ஒயர்கள் வழியாக வரும் செய்தியை மட்டும் நம்பும். கதவு திறந்தால் சொல்ல ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச். முன்பக்க பானெட்டைத் தூக்கினால் சொல்ல அங்கே ஒரு சுவிட்ச். யாராவது தட்டினால், ஆட்டினால் சொல்ல ஓர் அதிர்வு சென்சார். பேட்டரி தளர்ந்தாலும் சில பெட்டிகள் குழம்பிக் கத்தும். இவற்றில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒன்றொன்றாக விலக்கிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வதுதான் இது. இரண்டை ஒன்றாக மாற்றினால் சத்தம் நிற்கலாம், எதனால் நின்றது என்று தெரியாது.

பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, அடித்த நேரம், அன்று மாற்றியது. முதல் நாள் ரிமோட்டின் சின்ன பேட்டரியை மாற்றினேன். அடித்தது. அடுத்த நாள் பள்ளி மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கிவந்து கார் பேட்டரியை அளந்தேன். எஞ்சின் அணைத்துச் சில மணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டத் தீர்ந்தது என்று பொருள். எனக்கு 12.5 வந்தது. பேட்டரி மேல் குற்றமில்லை. அடுத்து அதிர்வு சென்சார். அதில் ஒரு சிறு திருகு இருக்கும், திருப்பினால் உணர்வு குறையும். லாரி அதிர்வுதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன். எங்கள் ஊரில் எதற்கும் லாரியைக் காரணம் சொல்லலாம், பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். திருகைக் குறைத்தேன். அன்று அடிக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அடித்தது.

அந்த நாட்களில் பெர்த்தா பென்ஸ் அடிக்கடி நினைவுக்கு வந்தார். காரைக் கண்டுபிடித்தவர் கார்ல் பென்ஸ் என்று பாடப் புத்தகம் சொல்லும். அந்தக் காரை 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனவர் அவர் மனைவி பெர்த்தா. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஒயர் உராய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் வண்டியை ஓட்டியவரும் ஒரு பெண், பழுது பார்த்தவரும் அதே பெண். நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் மெக்கானிக் தம்பியைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

என் நோட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருந்ததை எதிர்வீட்டு அக்காதான் காட்டினார்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வாசல் தெளிக்கும் நேரத்தில் சிரிப்போம், ரசத்துக்குப் புளி இல்லையென்றால் வாங்கிக்கொள்வோம், அந்த அளவுப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.

“லாரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல டீச்சர்.”

“எப்படிக்கா சொல்றீங்க?”

“லாரி பன்னெண்டு மணிக்கு நெறைய போவுது, அப்ப அடிக்கல. ரெண்டு, ரெண்டரைக்கு லாரியே இல்லாதப்பவும் அடிக்குது. நான் முழிச்சிக்கிட்டுதான இருக்கேன்.” சற்று நிறுத்திச் சொன்னார்: “பனி எறங்குனா அடிக்குது. எங்க தகரத்துலேருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல உங்க வண்டி கத்தும். மப்பு போட்ட அன்னிக்கு அடிக்கறதே இல்ல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் சத்தம் வந்த பிறகு விழிப்பவள். சத்தத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று என் நோட்டில் எப்படி இருக்கும்? தெளிந்த வானம் உள்ள இரவில் தரை தன் வெப்பத்தை வெளியே விட்டுச் சீக்கிரம் குளிரும், காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். மேகம் மூடிய இரவில் வெப்பம் அவ்வளவாக வெளியேறாது, பனியும் குறைவு. வகுப்பில் நடத்தும் பாடம்தான். அதை என் வாசலில் பார்த்தது அக்கா.

“நாள் நினைவிருக்காக்கா?” என்று கேட்டேன். வீட்டுக்குள் கூட்டிப்போனார். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதும் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் பாலின் அளவு. அதற்குக் கீழே, கார் அடித்த நாட்களில் சின்னதாக மணி: 2.10, 2.35, 3. என் நோட்டோடு ஒத்துப்பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

சில கட்டங்களின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளியும் இருந்தது. கார்த்திகையிலும் இருந்தது, தாளைத் தூக்கிப் பார்த்தால் அதற்கு முந்தைய மாதங்களிலும் இருந்தது. “இது என்னக்கா, தண்ணி வந்த நாளா?” என்றேன்.

“அது வேற கணக்கு டீச்சர்,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.

எனக்குப் புரிந்தது. இப்போது புரிந்தது என்று எழுதினால் அது பொய். குடிவந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். பாத்திரம் விழும் சத்தம், பிறகு அவர் குரல், பிறகு அந்தக் குரல் வாயைப் பொத்தியதுபோல் அடங்கும் விதம். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வெளியே வந்தவள் நான். அந்தச் சத்தத்தை அடையாளம் காண எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்தும், அது கேட்கும் இரவுகளில் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள், நான் தடுக்க மாட்டேன். ஒருமுறை பக்கத்து வீட்டில் பேச்சு வந்தபோது, “அவ சும்மாவே கத்துவா டீச்சர், நாங்க பழகிட்டோம்” என்றார்கள். மெக்கானிக் சொன்ன அதே சும்மா. அன்று நான் தலையாட்டினேன்.

அன்றைக்குக் காரைப் பற்றி மட்டும் பேசினோம். பேசத் தெரியாமல் வேலையில் ஒளிந்துகொண்டேன் என்றும் சொல்லலாம். பானெட் ஓரத்தில் இருக்கும் சுவிட்சைத் தேடினோம். ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசி அது. பானெட் மூடியிருந்தால் ஊசி அமுங்கியிருக்கும், சுற்று திறந்திருக்கும். பானெட்டைத் தூக்கினால் ஊசி மேலே வந்து காரின் உடம்போடு தொடர்பு ஏற்படும், பெட்டிக்குச் செய்தி போகும். எங்கள் சுவிட்சின் ரப்பர் உறை வெடித்திருந்தது. உள்ளே இந்த ஊரின் வெள்ளைப் புழுதி, துருவோடு சேர்ந்து களிம்பாகியிருந்தது. காய்ந்திருக்கும்போது அது மின்சாரத்தை விடாது. பனி இறங்கி நனைந்தால் விடும். பெட்டியோ, யாரோ பானெட்டைத் தூக்குகிறார்கள் என்று நம்பி, தன் கடமையைச் செய்யும்.

ஊகம் மட்டும் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை அக்கா கொண்டுவந்தார். சுவிட்சை நனைத்து, பானெட்டை மூடி, ரிமோட்டில் பூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நட்டநடு ஞாயிறு, பகல் பதினொரு மணி. நான்கு நிமிஷத்தில் கார் அலறியது. இருவரும் சின்னப் பிள்ளைகள்போலக் கைதட்டிச் சிரித்தோம். பெரியவர் எட்டிப்பார்த்தார். “கண்டுபிடிச்சிட்டோம்ங்க!” என்று அக்கா கத்திச் சொன்னார். அவர் குரலை அவ்வளவு உரக்க, அவ்வளவு சந்தோஷமாக, அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அரியலூர் கடைத்தெருவில் நூறு ரூபாய்க்குள் புது சுவிட்ச் கிடைத்தது. “மெக்கானிக் யாரும்மா?” என்று கேட்டார் கடைக்காரர். “நாங்க ரெண்டு பேரு” என்றேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, புதியதை மாட்டி, முனையில் கொஞ்சம் வாசலின் தடவினோம். அன்றிரவு பனி கொட்டியது. கார் வாய் திறக்கவில்லை.

தெரு தூங்கியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பதினோரு விளக்கு மனதில் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு தகரப் பெட்டி கத்தினால் இரண்டு நிமிஷத்தில் பதினோரு வீடு எழுந்து வருகிறது. கட்டையை எடுக்கிறது, முக்குவரை ஓடிப்பார்க்கிறது. அதே தெருவில் ஒரு மனுஷி கத்தினால் ஜன்னல் சாத்தப்படுகிறது. இத்தனைக்கும் குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன என்பதைப் பெரியவர் எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுச் சத்தத்துக்கு அவர் விதி எதையும் தேடியதில்லை. நானும் தேடியதில்லை.

இது எங்கள் தெருவின் கதை மட்டுமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29. உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுக்க 14 விழுக்காடுதான். 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, வாய்விட்டுச் சொல்லவுமில்லை. பென்சில் புள்ளியோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

வீட்டுக்கான நவீனப் பாதுகாப்பு அமைப்பை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினச் செவிலியர். அவரும் கணவரும் வேலைக்குப் போகும் நேரம் வேறுவேறு. அவர் தனியாக இருக்கும் இரவுகளில் போலீஸைக் கூப்பிட்டால் வர நேரமாகும். அதனால் வாசலில் நிற்பவரைப் படுக்கையறைத் திரையில் பார்க்க ஒரு கேமரா, ஆபத்தென்றால் செய்தி அனுப்ப ஒரு பொத்தான் என்று 1966-இல் கணவரோடு சேர்ந்து வடிவமைத்தார். 1969-இல் காப்புரிமை கிடைத்தது. பயந்த ஒரு பெண்ணின் யோசனை அது. ஆனால் அந்தக் கேமரா வாசலைத்தான் பார்க்கிறது. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு யார் பொத்தான் செய்வது?

இதற்கு ஒரு பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. 2008-இல் ‘பிரேக்த்ரூ’ என்ற அமைப்பு ‘பெல் பஜாவோ’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள், அவ்வளவுதான். விளம்பரப் படத்தில் ஓர் ஆள் மணியடித்து, கொஞ்சம் பால் இருக்குமா என்று கேட்பார். கேட்பது பாலை இல்லை. எனக்குக் கேட்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குச் சொல்கிறார்.

மார்கழியில் ஒருநாள் அக்காவிடம் இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்தேன். இந்த முறை காரைப் பற்றிப் பேசவில்லை. என் பழைய வீட்டைப் பற்றி முதலில் சொன்னேன். அதன் பிறகு, டிவி சத்தத்தைக் கூட்டியதையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். “எனக்கும் உங்க டிவி சத்தம் கேக்கும் டீச்சர்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினா கார் கத்தும். தெருவைத் தாண்டி எடுக்கும், பார்த்துட்டேன். அப்புறம் நான் வந்துருவேன்.”

“இதுல வண்டியும் தொறக்குமே டீச்சர்?”

“தொறந்தா உள்ள உக்காந்து பூட்டிக்குங்க.”

ரிமோட்டை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம். இரவு பத்தே முக்கால். பனி இன்னும் இறங்கவில்லை. கார் கத்தியது. தூக்கத்தில் இருந்த அம்மா, “மறுபடியுமா?” என்றாள். என் ரிமோட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கட்டைவிரல் பழக்கத்தில் அணைக்கும் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அடிக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு விளக்காக எரிந்தது.

“திரும்ப ஆரம்பிச்சிடுச்சா டீச்சர்?” என்றார் கட்டைக்காரர், எரிச்சலோடு.

“காருக்கு ஒண்ணுமில்லைங்க,” என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு வாசலுக்கு நடந்து மணியை அடித்தேன். கை நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். பெரியவரின் மனைவி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். பிறகுதான் ஆண்கள். கதவு திறந்தது. கதவில் நின்ற மனிதர் எங்களைப் பார்த்து, “இது குடும்ப விஷயம்” என்றார். “சத்தம் தெருவுக்கு வந்துருச்சே தம்பி,” என்றார் பெரியவரின் மனைவி. அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, எங்கள் திண்ணையில் உட்காரவைத்து, “தண்ணி குடும்மா” என்றார். அதற்கு மேல் அன்று யாரும் எதுவும் பேசவில்லை. அதுவரை நான் காரை அணைக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசினோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் பாதிக்கப்பட்ட பெண்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. விவரம் அறிந்த யாரும் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களே என்பதுதான் அக்காவின் பெரிய பயம். வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் வசிக்கும் உரிமை உண்டு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளியில் எத்தனையோ விழிப்புணர்வுக் கூட்டங்களில் உட்கார்ந்தவள் நான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

நிகழ்வு அறிக்கையை நிரப்பும்போது தேதி, நேரம், இடம் என்று கட்டம் வந்தது. பல பெண்களுக்கு அந்தக் கட்டத்தில்தான் பேச்சு நின்றுபோகும். அடிதான் நினைவிருக்கும், தேதி இருக்காது. அக்கா பையிலிருந்து இரண்டு வருஷத்துக் காலண்டர்களை எடுத்து மேசைமேல் விரித்தார். பால் கணக்குக்குப் பக்கத்தில், கட்டத்தின் மூலையில், ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்துச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பெண் நடுவில் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தொடர்ந்து எழுதினார்.

அக்கா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் நினைத்தேன், அது என் கணக்கு. வீடு வேண்டும், அடி வேண்டாம் என்பது அவர் கணக்கு. நீதித்துறை நடுவரிடமிருந்து பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகான காலண்டரில் ஒரு புள்ளி விழுந்தது. அன்றைக்குக் கார் கத்த வேண்டியிருக்கவில்லை. பெரியவரின் மனைவியே போய் மணியை அடித்துவிட்டு, கருவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டாராம்.

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்று சில விவரங்களை மாற்றச் சொன்னார், மாற்றினேன். டிவி பற்றி எழுதியதை எடுத்துவிடலாமே, உங்களைத் தப்பா நினைப்பாங்க டீச்சர் என்றார். அதை மட்டும் மாற்றவில்லை.

மழைக்காலம் வரப்போகிறது. போன வாரம் பானெட் சுவிட்சைத் துடைத்து வாசலின் தடவினேன். அக்காவின் ரிமோட்டுக்கும் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.